சிரிலிக் இருந்தால் மட்டும் கசாக் வந்துவிடாது

எழுத்துரு விற்கும் தளங்களில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் கீழே அது எந்தெந்த எழுத்துமுறைகளைத் தாங்கும் என்று போட்டிருப்பார்கள். லத்தீன், கிரேக்கம், சிரிலிக் என்று மூன்று பெயர்களைப் பார்த்ததும் ஐரோப்பாவும் நடு ஆசியாவும் இதற்குள் அடங்கிவிட்டன என்று நினைத்துக்கொள்கிறோம். கசாக் மொழிக்கு அது போதாது. அந்த இடத்தில் 'சிரிலிக்' என்பது பெரும்பாலும் ரஷ்ய மொழியின் 33 எழுத்துகளைத்தான் குறிக்கிறது. கசக்ஸ்தானில் இன்று புழங்கும் கசாக் நெடுங்கணக்கில் 42 எழுத்துகள் உண்டு. அந்த ஒன்பது எழுத்துகள் இல்லாத எழுத்துருவில் கசாக்கை எழுத முடியாது. இருந்தும் அரைகுறையாக வரையப்பட்டிருந்தால் எழுதலாம், ஆனால் படிக்கிறவர் ஒவ்வொரு வரியிலும் தடுக்கி விழுவார்.

கசக்ஸ்தானின் மக்கள்தொகை 2 கோடியைத் தாண்டிவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம், சீனாவின் சிஞ்சியாங் பகுதியில், 15 லட்சத்துக்கும் மேற்பட்ட கசாக்கியர் வாழ்கிறார்கள். அவர்கள் அதே மொழியை அரபு எழுத்தில் எழுதுகிறார்கள். கசக்ஸ்தானோ லத்தீன் எழுத்துக்கு மாறுவதாக அறிவித்து, அதன் வடிவத்தைப் பலமுறை திருத்தியிருக்கிறது. ஆக, ஒரே மொழிக்கு மூன்று எழுத்துமுறைகள். ஒவ்வொன்றும் எழுத்துரு செய்பவரிடம் வேறு வேறு வேலையைக் கேட்கிறது.

முதலில் ஒரு சிறிய சொல்லைப் பார்ப்போம். கசாக்கில் 'ஒல்' என்றால் அவன், அவள், அது, மூன்றும்தான். உதட்டைக் குவித்தபடியே நாக்கை முன்னுக்குத் தள்ளி அதே உயிரைச் சொன்னால் அது வேறு சொல்: 'செத்துப்போ' என்று பொருள். சிரிலிக்கில் முதல் சொல் வெறும் வட்டத்தில் தொடங்குகிறது. இரண்டாவது சொல்லின் வட்டத்துக்கு நடுவே குறுக்குக்கோடு ஒன்று ஓடுகிறது. கசாக் உயிர்களில் இப்படித் தடித்தது, மெல்லியது என்று இணைகள் உண்டு. ஒரு சொல்லுக்குள் பொதுவாக ஒரே வகை உயிர்கள்தான் வரும். இணையில் எது என்பதைக் காட்டுவது கோடு, புள்ளி போன்ற சின்னச் சின்ன அடையாளங்கள். அவற்றை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டால் 'செத்துப்போ' என்பது 'அவன்' ஆகிவிடும்.

கணினிக்குள் நடப்பது

கணினி எழுத்துகளைப் படங்களாகச் சேமித்து வைப்பதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோட் ஒரு குறியெண் கொடுத்திருக்கிறது. எழுத்துருக் கோப்புக்குள் ஓர் அட்டவணை இருக்கும்: இந்தக் குறியெண் வந்தால் இந்த வடிவத்தை வரை என்று. அந்த வடிவத்துக்குக் கிளிஃப் என்று பெயர். அட்டவணையில் குறியெண் இல்லையென்றால் இயங்குதளம் கையில் இருக்கும் வேறோர் எழுத்துருவில் தேடி எடுத்து ஒட்டும். அங்கேயும் இல்லையென்றால் வெறும் கட்டம்தான் தெரியும்.

கட்டம் தெரிந்தால் ஒருவிதத்தில் நல்லது, பிழை என்று யாருக்கும் புரிந்துவிடும். தொல்லை தருவது அந்த ஒட்டுவேலைதான். மெல்லிய நவீன எழுத்துருவில் ஒரு தலைப்பு இருக்கிறது என்று வையுங்கள். அதில் இரண்டு எழுத்துகள் மட்டும் சற்றுத் தடித்து, உயரம் மாறி, வேறோர் எழுத்துருவின் சாயலோடு நிற்கும். ரஷ்ய மொழி மட்டும் தெரிந்த வடிவமைப்பாளர் கண்ணில் அது படாமலே போகலாம். கசாக் வாசகர் அதை முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார், ஏனென்றால் ஒட்டுப்போட்டிருப்பது எப்போதும் அவருடைய மொழியின் எழுத்துகளில்தான்.

கசாக் எழுத்துகளில் இன்னொரு விஷயம் உண்டு. லத்தீனில் மேலே இரு புள்ளி வைத்த எழுத்தை, அடிப்படை எழுத்து ஒன்று, புள்ளிகள் ஒன்று என்று பிரித்தும் எழுதலாம். யூனிகோட் இரண்டையும் சமமாகவே கொள்ளும். கசாக் சிரிலிக்கின் வாலுக்கும் கோட்டுக்கும் அந்த வசதி இல்லை. வால் வைத்த எழுத்து தனி எழுத்து, அதைப் பிரிக்க முடியாது. ஆகவே எழுத்துரு செய்பவர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைந்தே ஆகவேண்டும். ஒன்பது எழுத்துகள், பெரியதும் சிறியதுமாகப் பதினெட்டு வடிவங்கள். அப்புறம் ஒவ்வொரு தடிப்புக்கும், ஒவ்வொரு சாய்வுக்கும் அதே பதினெட்டு. சாதாரணத் தடிப்பில் மட்டும் வரைந்துவிட்டுத் தடித்த வடிவிலும் சாய்விலும் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற குறை. உடற்பகுதி சரியாக இருக்கும், தலைப்பு உடைந்திருக்கும்.

அந்த ஒன்பது எழுத்துகள்

உயிர்களிலிருந்து தொடங்கலாம். சிறிய லத்தீன் 'இ'யைத் தலைகீழாகத் திருப்பியது போன்ற ஒன்று, 'ஏ'காரமும் 'ஆ'காரமும் கலந்த ஒலிக்கு. குறுக்குக்கோடு போட்ட வட்டம், மேலே சொன்னதுதான். லத்தீன் 'ஒய்' போல நேர்த்தண்டில் நிற்கும் ஒன்று. அதே தண்டில் ஒரு குறுக்குக்கோடு போட்ட இன்னொன்று. புள்ளி வைத்த 'ஐ' ஒன்று. மெய்களில், ரஷ்ய 'க'வின் வலது காலில் வால் வைத்தது, தொண்டையின் அடியிலிருந்து எழும் 'க'. ரஷ்ய 'ந' பார்வைக்கு லத்தீனின் பெரிய 'எச்' போலவே இருக்கும். அதன் வலது காலில் வால் வைத்தால் 'ங்'. நம் 'ட'வை மேல்கீழாகப் புரட்டிய வடிவம்தான் ரஷ்ய 'க'வின் மென்மையான இணை. அதன் தண்டைக் குறுக்குக்கோடு வெட்டினால் இன்னொரு கசாக் எழுத்து. கடைசியாக, லத்தீனின் சிறிய 'எச்' வடிவில் ஓர் 'ஹ'. இது அரபு, பாரசீக வழிச் சொற்களில் எப்போதாவது வரும். வைரம், அறைக்கலன், வீரன் போன்ற பொருளுள்ள சொற்களில் பார்க்கலாம்.

இவற்றில் வால் ஒன்றே எத்தனையோ எழுத்துருக்களைக் கெடுத்திருக்கிறது. கசாக் 'க'வின் வால், ரஷ்ய நெடுங்கணக்கிலேயே 'ட்ஸ', 'ஷ்ச' எழுத்துகளின் வலது அடியில் இருக்கிற அதே குட்டை வால்தான். அதே அகலம், அதே நீளம், அதே முனை. ரஷ்ய எழுத்துகளை ஏற்கெனவே வரைந்தவரிடம் அந்த வால் தயாராக இருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சிலர் பிரெஞ்சு எழுத்தின் அடியில் வரும் கொக்கியைக் கொண்டுவந்து நடுவில் தொங்கவிடுகிறார்கள். சிலர் உள்நோக்கி வளைந்த கொக்கி போடுகிறார்கள். அது சைபீரிய மொழிகள் சிலவற்றுக்கான வேறோர் எழுத்து, அதற்கு யூனிகோடில் வேறு எண். பாஷ்கிர் மொழிக்கு இன்னொரு 'க' தனியாக உண்டு. கசாக்கிற்கு வேண்டியது காலின் கடைசியில் நேராக இறங்கும் வால். நடுவில் தொங்குவதும் வளைந்ததும் அவர்களுக்கு வேற்று எழுத்துகள்.

தண்டில் கோடு போட்ட 'ஒய்' வடிவத்துக்கும் இதே கவனம் வேண்டும். கோடு இரு கிளைகளும் சேரும் இடத்துக்குக் கீழே, தண்டில்தான் வரவேண்டும். மேலே ஏறினால் யென் நாணயக் குறி போலத் தெரியத் தொடங்கும். தடித்த வடிவத்தில் கிளைகளுக்கும் கோட்டுக்கும் இடையே வெள்ளை இடம் அடைபட்டு ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். அதனால் அங்கே கோட்டைச் சற்று மெலித்து, கொஞ்சம் கீழே இறக்க வேண்டியிருக்கும். சிறிய வடிவத்தில் தண்டு அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குவதால் கோட்டுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். கோடு இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வேறுபாடு என்றால், கோடு போட்டால் 'மாவு', கோடு இல்லாவிட்டால் 'குரல்'. இரண்டு சொற்களுக்கும் அடுத்து வருவது அதே 'ன்'தான். சின்ன அளவில், மலிவான திரையில், அந்தக் கோடு ஒரு பிக்சலாவது தனித்துத் தெரியவில்லை என்றால் வாசகர் சூழலை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

திரும்பிய 'இ'யைப் பலர் சிறிய 'இ'யை 180 பாகை சுழற்றி வைத்துவிட்டு முடித்துவிடுகிறார்கள். தொடக்கத்துக்கு அது சரி, அதோடு நின்றுவிடக் கூடாது. 'இ'யின் திறந்த வாய் கீழே வலப்பக்கம் இருக்கும். சுழற்றினால் அது மேலே இடப்பக்கம் போய்விடும். கண் எழுத்தின் மேல்பாதியைத்தான் அதிகம் பார்க்கிறது. ஆகவே அந்த முனை மற்ற எழுத்துகளின் மேல்முனைகளோடு இசைந்து போக வேண்டும். பெரிய வடிவத்துக்கு அதை அப்படியே ஊதிப் பெரிதாக்கினால் கோடுகள் தடித்துப்போகும், அதையும் தனியாகத்தான் வரைய வேண்டும்.

சாய்வு எழுத்தில் சிரிலிக் வேறு முகம் காட்டும். ரஷ்யச் சாய்வில் 'த'வின் சிறிய வடிவம் லத்தீன் 'எம்' போல மாறும், 'ப' லத்தீன் 'என்' போல மாறும். புரட்டிய 'ட' போன்ற அந்த எழுத்து நேர்க்கோடுகளை விட்டுவிட்டு வளைந்த உருவம் எடுக்கும். கசாக்கின் கோடு போட்ட எழுத்தும் அதே வளைந்த உருவத்தின் மேல்தான் கோடு தாங்க வேண்டும். நேர் வடிவத்தைச் சும்மா சாய்த்துவிட்டால், ஒரே வரியில் கோடில்லாத எழுத்து வளைந்தும் கோடுள்ள எழுத்து நேராகவும் நிற்கும். உறவுக்கார எழுத்துகள் அந்நியர்களாகத் தெரியும்.

எழுத்துகள் பக்கத்தில் வரும்போது

தனியாக வரைந்தால் மட்டும் வேலை முடியாது. அக்ரூட்டைக் கசாக்கில் 'ஜங்காக்' என்பார்கள். அந்தச் சொல்லில் வால் வைத்த 'ங்', அடுத்து கோடு போட்ட எழுத்து, பிறகு ஓர் உயிர் கடந்து வால் வைத்த 'க' என்று மூன்று கசாக் எழுத்துகள் வரும். 'ங்'கின் வலது காலுக்கு அடியில் வால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த எழுத்தின் குறுக்குக்கோடு தண்டிலிருந்து இடப்பக்கமாக வெளியே வருகிறது. இரண்டும் வெவ்வேறு உயரத்தில் இருந்தாலும், கோட்டின் இட முனை முந்தைய எழுத்தின் தண்டில் போய் முட்டும். முட்டினால் அந்த இரண்டு எழுத்துகளும் சேர்ந்து ஏதோ புதிய எழுத்து போலத் தோன்றும். வாலுக்காகவும் கோட்டுக்காகவும் பக்க இடைவெளியைப் பொதுவாகக் கூட்டிவிட்டாலும் நல்லதில்லை, மற்ற இடங்களில் ஓட்டை விழும். இந்த இணைக்கு மட்டும் கெர்னிங்கில், அதாவது குறிப்பிட்ட எழுத்து இணைகளுக்கான இடைவெளிச் சீரமைப்பில், தனியாக இடைவெளி கொடுக்க வேண்டும்.

அன்னப்பறவைக்கு 'அக்கூ' என்று பெயர். இதில் வால் வைத்த 'க' இரண்டு முறை அடுத்தடுத்து வரும். முதல் எழுத்தின் வால் இரண்டாவதன் தண்டுக்கு அடியில் நுழையப் பார்க்கும். கசாக் எழுத்துருவைச் சோதிக்க நான் முதலில் தட்டச்சு செய்வது இந்த இரண்டு சொற்களைத்தான். ரஷ்ய மொழிக்கான மாதிரி வாக்கியங்கள் எத்தனை இருந்தாலும் இந்த இணைகளைக் காட்டாது.

எழுத்துரு இருந்தும் எழுத்து வராத இடங்கள்

இணையதளம் செய்பவர்கள் கோப்பின் அளவைக் குறைக்க எழுத்துருவைத் துண்டு போடுவார்கள். கூகுள் ஃபான்ட்ஸ் சேவை சிரிலிக்கை அடிப்படைப் பகுதி, விரிவுப் பகுதி என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. கசாக்கின் ஒன்பது எழுத்துகளில் புள்ளி வைத்த 'ஐ'யும் தண்டில் கோடு போட்ட எழுத்தும் மட்டும் அடிப்படைப் பகுதியில் இருக்கின்றன. மற்ற ஏழும் விரிவுப் பகுதியில். அந்தச் சேவையிலிருந்தே நேராக எடுத்தால் உலாவி தேவைப்படும் துண்டைத் தானே எடுத்துக்கொள்ளும், சிக்கல் இல்லை. ஆனால் கோப்பை இறக்கித் தன் சர்வரில் வைப்பவர் 'சிரிலிக்' என்று பெயரிட்ட துண்டை மட்டும் எடுத்துக்கொண்டால், ஏழு எழுத்துகள் வேறோர் எழுத்துருவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு கசாக் எழுத்துகள் சரியாகத் தெரிவதால், எல்லாம் சரியாகிவிட்டது என்று ஏமாறவும் வாய்ப்பு அதிகம். கசாக் மொழித் தளமென்றால் விரிவுப் பகுதியையும் சேர்த்தே எடுங்கள்.

தட்டச்சும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. கணினியில் வழக்கமான கசாக் விசைப்பலகையில் இந்த ஒன்பது எழுத்துகளும் எண்களுக்கான மேல்வரிசையில் இருக்கின்றன. எண்ணைத் தட்ட வேறு வழி தேட வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பயந்து பலர் ரஷ்ய விசைப்பலகையிலேயே கசாக்கை எழுதுகிறார்கள். வாலையும் கோட்டையும் விட்டுவிட்டு, வால் வைத்த 'க'வுக்கு வெறும் 'க', கோடு போட்ட வட்டத்துக்கு வெறும் வட்டம். கைக்கும் ஏரிக்கும் உள்ள சொற்கள் கசாக்கில் எழுத்திலும் ஒலியிலும் தெளிவாக வேறுபட்டவை. கையில் 'க'வுக்கு வால் உண்டு, ஏரியில் வட்டத்துக்குக் கோடு உண்டு. ரஷ்ய எழுத்தில் அடித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இன்னும் நுட்பமான பிழை, பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் எழுத்தை மாற்றிப் போடுவது. கசாக்கின் சிறிய புள்ளி 'ஐ'யின் குறியெண் 0456. லத்தீனின் சிறிய 'ஐ'யின் குறியெண் 0069. திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. தேடலுக்கு, அகரவரிசைக்கு, எழுத்துப் பிழை திருத்திக்கு இரண்டும் வேறு. லத்தீன் 'ஐ' கலந்து அடித்த பெயர் ஒன்று தரவுத்தளத்தில் போய்விட்டால், அதைச் சரியாக அடித்துத் தேடுகிறவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. இந்தக் கலப்படத்தை எழுத்துரு தடுக்க முடியாது, ஆனாலும் சிரிலிக் துண்டையும் லத்தீன் துண்டையும் வெவ்வேறு எழுத்துருவிலிருந்து எடுத்திருந்தால் அது சற்றே கண்ணில் படும்.

யூனிகோடுக்கு முன்பு நிலைமை இன்னும் மோசம். விண்டோஸின் 1251 என்ற சிரிலிக் குறிமுறையில் கசாக் எழுத்துகளில் புள்ளி 'ஐ' மட்டுமே இருந்தது, அதுவும் உக்ரைனிய மொழிக்காக வந்தது. கசக்ஸ்தான் 2002-ல் 1048 என்ற எண்ணில் ஒரு தேசியத் தரம் வெளியிட்டு, 1251-ல் செர்பிய, மாசிடோனிய, உக்ரைனிய, பெலாரூசிய எழுத்துகள் இருந்த இடங்களில் தன் எழுத்துகளை வைத்தது. பழைய கோப்பை இன்று தவறான குறிமுறையில் திறந்தால் கசாக் வாக்கியத்துக்கு நடுவே உக்ரைனிய எழுத்துகள் முளைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

லத்தீனுக்கு மாறும்போது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கசாக் மொழி அரபு எழுத்தில் எழுதப்பட்டது. 1929-ல் லத்தீன், 1940-ல் சிரிலிக். கோடு போட்ட வட்டம் 1929-ன் லத்தீனிலும் இருந்தது. பார்வைக்கு ஒன்றுதான், யூனிகோடில் மட்டும் லத்தீனுக்கு ஒன்று, சிரிலிக்குக்கு ஒன்று என்று தனித்தனி எண்கள். பழைய நூல்களை மின்னாக்கம் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2017 அக்டோபரில் ஜனாதிபதி ஆணை ஒன்று புதிய லத்தீன் நெடுங்கணக்கை அறிவித்தது. அதில் ஒன்பது எழுத்துகள், அடிப்படை எழுத்துக்குப் பின்னால் மேற்கோள் குறி போன்ற ஒற்றைக் குறி வைத்து உருவாக்கப்பட்டவை. எந்த விசைப்பலகையிலும் அடிக்கலாம் என்பது அதன் பலம். கணினிக்கு அது எழுத்தா, மேற்கோளா என்று தெரியாது. நாம் பார்த்த 'செத்துப்போ' என்ற சொல்லில் வட்டத்துக்கும் 'ல்'லுக்கும் நடுவே அந்தக் குறி வந்து நிற்கும். அதை மேற்கோளாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள் சொல்லை இரண்டாக உடைக்கும், தானாக வளைந்த மேற்கோளாக மாற்றும், தேடலில் விட்டுவிடும். ஒரே குறிக்கு 0027, 2019 என்று வெவ்வேறு குறியெண்கள் கோப்புகளில் கலந்துவிடும்.

2018 பிப்ரவரியில் அந்தக் குறியை எடுத்துவிட்டு, எழுத்தின் தலையில் சாய்ந்த கோடு வைத்தார்கள். எழுத்துருக்களுக்கு அது எளிது, பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அந்தத் திட்டத்தில் புள்ளி உள்ள 'ஐ', புள்ளி இல்லாத 'ஐ' என்று இரண்டு சிறிய எழுத்துகள் இருந்தும், இரண்டுக்கும் பெரிய எழுத்து ஒன்றுதான். தலைப்பை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டால் அது எந்த 'ஐ'யிலிருந்து வந்தது என்று திரும்பக் கண்டுபிடிக்க வழியில்லை.

2021 ஜனவரியில் முன்வைத்த 31 எழுத்து வடிவம் இரண்டுக்கும் தனித்தனிப் பெரிய எழுத்து கொடுத்தது, துருக்கி மொழி செய்வதுபோலவே. புள்ளி இல்லாத சிறியதன் எண் 0131, அதன் பெரியது புள்ளி இல்லாத 0049. புள்ளி உள்ள சிறியது 0069, அதன் பெரியது புள்ளி உள்ள 0130. பார்க்க அழகான ஒழுங்குதான். ஆனால் ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்ட மென்பொருளுக்கு 0049-ஐச் சிறியதாக்கினால் 0069தான். புள்ளி இல்லாத 'ஐ' உள்ள சொல்லைப் பெரிய எழுத்தாக்கித் திரும்பச் சிறியதாக்கினால், புள்ளி இல்லாமல் போன எழுத்து புள்ளியோடு திரும்பி வரும். கசாக்கில் அது வேறு உயிர். யூனிகோடின் சிறப்பு விதிகளில் துருக்கி, அஜர்பைஜானி மொழிகளுக்கு இதற்கு வழி இருக்கிறது. கசாக்கிற்கு அங்கே இடம் இல்லை, நிரல் எழுதுபவர்தான் பொறுப்பேற்க வேண்டும்.

எழுத்துருப் பக்கமும் வேலை உண்டு. பல எழுத்துருக்களில் லத்தீன் 'எஃப்'பும் 'ஐ'யும் அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் ஒட்டி ஒரே கூட்டுவடிவமாக்குவார்கள், அதில் 'ஐ'யின் புள்ளி 'எஃப்'பின் தலைக்குள் கரைந்துவிடும். ஆங்கிலத்துக்கு அது அழகு. கசாக் லத்தீனில் புள்ளி போனால் வேறோர் எழுத்து, ஆகவே அது பிழை. இயற்பியலுக்கு 'ஃபிசிகா' என்று எழுதும்போதே இது கண்ணில் படும். ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு வடிவத்தில் மொழிவாரியாக எழுத்தின் வடிவத்தை மாற்றும் வசதி இருக்கிறது. கசாக்கிற்கென்று அங்கே மொழிக்குறியும் உண்டு. அந்தக் குறி வரும்போது கூட்டுவடிவத்தை நிறுத்தி, 'ஐ'யின் புள்ளியைக் காக்கும்படி எழுதிவிட்டால் போதும். ஆவணத்தில் மொழி கசாக் என்று குறித்திருந்தால்தான் அது வேலை செய்யும்.

'ஷ'வுக்கான எழுத்தின் அடியில் வரும் கொக்கியும் கவனிக்க வேண்டியது. அது 015-ல் தொடங்கும் எண்ணுள்ள செடில்லா வைத்த 'எஸ்'. ருமேனிய மொழிக்காக 0218 என்ற எண்ணில் அடியில் காற்புள்ளி வைத்த 'எஸ்' ஒன்று இருக்கிறது. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அப்புறம் 'ங்'குக்கான எழுத்தின் பெரிய வடிவம் உலகில் இரண்டு விதமாக வரையப்படுகிறது: பெரிய 'என்'னுக்கு வால் வைத்ததாகவும், சிறிய 'என்'னை ஊதிப் பெரிதாக்கி வால் வைத்ததாகவும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கசாக் பயனர்களைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லது.

லத்தீன் மாற்றம் இன்னும் முழுமையாக நடந்துவிடவில்லை. 2024 செப்டம்பரில் பாக்கூவில் துருக்கிய மொழிகளுக்கான 34 எழுத்துப் பொது நெடுங்கணக்கு ஒன்றும் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆகவே இன்று எழுத்துரு செய்பவர், 2018, 2021 வடிவங்கள் கேட்கும் எழுத்துகளை எல்லாம் வரைந்து வைத்துவிடுவதுதான் நியாயம். எண்ணிக்கையில் அது பெரிய சுமை இல்லை.

அரபு எழுத்தில் ஒரு சிறிய குறி

கசாக் மொழியறிஞர் அகமத் பைதுர்சினுலி (1872–1937) கசாக்கிற்காகச் சீர்திருத்திய அரபு எழுத்துமுறையின் வழிதான் சிஞ்சியாங்கில் இன்றும் புழங்குகிறது. அவர் செய்த ஒரு முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு மெல்லிய உயிருக்கும் தனி எழுத்து தேடாமல், சொல்லின் தொடக்கத்தில் ஹம்சா என்ற சிறு குறியை வைத்துவிட்டார். அந்தக் குறி இருந்தால் சொல் முழுவதும் மெல்லிய உயிர்கள், இல்லையென்றால் தடித்தவை. சொல்லில் மென்மையான 'க', அதன் இணை, அல்லது 'எ' வந்தால் அந்தச் சொல் எப்படியும் மெல்லியதுதான், அதனால் குறியே தேவையில்லை. மொழியின் உள்ளமைப்பைப் புரிந்துகொண்டு செய்த வேலை. நம்முடைய 'அவன்', 'செத்துப்போ' இரண்டும் இங்கே ஒரே எழுத்துகளில் எழுதப்படுகின்றன, இரண்டாவதன் முன்னால் மட்டும் அந்தச் சிறு ஹம்சா.

யூனிகோடில் அதன் எண் 0674. இது எதன் மேலும் ஏறாது, எதனோடும் ஒட்டாது. தனியாக, உயரத்தில் நிற்கும். வழக்கமான ஹம்சா 0621, அது அடிக்கோட்டில் நிற்கும், பெரியது. 0654 என்பது வேறோர் எழுத்தின் மேல் ஏறும் குறி, அதைச் சொல்லின் தொடக்கத்தில் போட்டால் தாங்க எழுத்து இல்லாமல் புள்ளி வட்டத்தோடு தெரியும். அரபு மொழிக்கென்று செய்த எழுத்துருக்களில் பலவற்றில் 0674 இருக்காது. இருந்தாலும் அடிக்கோட்டு ஹம்சாவைச் சிறியதாக்கி அதே இடத்தில் வைத்திருப்பார்கள். உயரமும் அடுத்த எழுத்தோடு உள்ள இடைவெளியும் சரியாக இருந்தால்தான் கண் அதைச் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும், முந்தைய சொல்லின் மிச்சமாக எடுத்துக்கொள்ளாது.

நாணயக் குறியையும் மறக்கக் கூடாது. கசக்ஸ்தானின் நாணயமான டெங்கேவின் குறி, லத்தீன் 'டி'யின் தலைக்கு மேலே இன்னொரு கோடு போட்டது. யூனிகோடில் 2009-ல் 5.2 பதிப்பில் வந்தது. ஜப்பானியத் தபால் குறி, எண் 3012, அதே போல இருக்கும். விலைப்பட்டியலில் அதை எடுத்துப் போட்டால் அகலம் ஜப்பானிய எழுத்துக்கு ஏற்றதாக இருக்கும், எண்களோடு ஒட்டாது.

ஓர் எழுத்துருவை வாங்கும்முன் அல்லது இறக்கும்முன் சோதிக்க அதிக நேரம் ஆகாது. ஒன்பது எழுத்துகளையும் பெரியதும் சிறியதுமாக ஒரே வரியில் அடித்து, அடுத்த வரியில் ரஷ்ய எழுத்துகளை அடித்துப் பாருங்கள். தடிப்பும் உயரமும் ஒன்றாக இருக்கின்றனவா? 'ங்'கின் வாலும் 'ட்ஸ'வின் வாலும் ஒரே வால்தானா? பிறகு 'ஜங்காக்', 'அக்கூ' இரண்டையும், மாவும் குரலும் என்ற இணையையும் அடியுங்கள். அதே வரிகளைத் தடித்த வடிவிலும் சாய்விலும் மாற்றுங்கள். பன்னிரண்டு பாயின்ட் அளவில் அச்சிட்டுப் பாருங்கள், திரையில் தெரியாத முட்டல் தாளில் தெரியும். முடிந்தால் அந்தத் தாளைக் கசாக் படிப்பவர் ஒருவரிடம் கொடுத்து, எந்தச் சொல்லில் கண் நின்றது என்று கேளுங்கள். அந்தச் சொல்லின் எழுத்துகளைத்தான் மறுபடி வரைய வேண்டும்.